பாட்டிலுக்குப் போட்ட மருந்து: பென்சல்கோனியம் குளோரைடும் மூக்கின் சவ்வும்

மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் வாங்கும் சொட்டு மருந்தையோ ஸ்பிரேயையோ எடுத்து அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். முதலில் மருந்தின் பெயர் இருக்கும். ஆக்ஸிமெட்டாசோலின், அல்லது சைலோமெட்டாசோலின். அதற்குக் கீழே இன்னும் பொடி எழுத்தில் பென்சல்கோனியம் குளோரைடு என்று ஒரு பெயர், பக்கத்தில் "பாதுகாப்புப் பொருளாக" என்று ஒரு குறிப்பு. அளவு பெரும்பாலும் 0.01 முதல் 0.02 சதவீதம். அலர்ஜிக்குத் தினமும் அடிக்கச் சொல்லும் ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள் பலவற்றிலும் இதே பெயர்தான்.

இது மூக்குக்கான மருந்து இல்லை, பாட்டிலுக்கான மருந்து. பாட்டிலுக்குள் கிருமி வளராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே இதன் வேலை. ஆனால் பாட்டிலில் இருப்பது எல்லாம் மூக்குக்குள்தானே போகிறது?

நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பதினைந்து வருடப் பழைய நிரலில் புரியாத ஒரு வரி இருந்தால் அதை அழிப்பதற்கு முன் யார் எழுதியது, எப்போது, எதற்கு என்று தேடிப் பார்ப்பது எங்கள் தொழிலில் பழக்கம். அந்த வரிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பழைய விபத்து இருக்கும். இந்தப் பொடி எழுத்து வரியையும் அப்படித் தேடிப் போனேன். விபத்து ஒன்று இல்லை, வரிசையாகப் பல இருந்தன. ஒன்றைச் சரி செய்யப் போய் அடுத்தது வந்திருக்கிறது.

ஆரம்பம் எண்ணெயில். 1900களின் தொடக்கத்தில் மேல்நாடுகளில் மூக்கில் விடும் மருந்து பெரும்பாலும் எண்ணெய்ச் சொட்டுதான். மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் போன்றவற்றை லிக்விட் பாரஃபினில் கலந்து விடுவார்கள். எண்ணெயில் கிருமி லேசில் வளராது, அதனால் பாதுகாப்புப் பொருள் என்ற பேச்சே எழவில்லை. பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1925-ல் டொராண்டோவில் லாஃப்லென் என்ற நோயியல் மருத்துவர் மூக்கு, தொண்டை வழியாக எண்ணெய் செலுத்தப்பட்டவர்களுக்கு வந்த ஒரு விசித்திரமான நிமோனியாவை விவரித்தார். மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைத் தூண்டாமல் நைசாக நுரையீரலுக்குள் வழிந்து அங்கேயே தங்கியிருந்தது. (நம்ம ஊரில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கத்தைக் குழந்தை மருத்துவர்கள் இன்றும் கண்டிப்பது இதே காரணத்துக்காகத்தான். பாட்டிமார்கள் கேட்பதில்லை, அது வேறு கதை.)

எண்ணெய் ஆகாது என்றால் தண்ணீர்தான். அதற்கேற்ற மருந்தும் அந்தக் காலத்தில்தான் கிடைத்தது. சீன வைத்தியத்தின் மா ஹுவாங் செடியிலிருந்து எஃபெட்ரினை ஜப்பானியர் நாகாய் நாகயோஷி 1885-லேயே பிரித்தெடுத்திருந்தார். 1924-ல் பீக்கிங்கில் சென், ஷ்மிட் என்ற இருவர் அதன் மருத்துவ குணங்களை வெளியிட்டார்கள். ரத்தக் குழாய்களைச் சுருக்கும், வீக்கம் வடியும், மூக்கு திறக்கும். உப்புத் தண்ணீரில் கரைத்தால் போதும். நீர்ச் சொட்டுகளின் காலம் இப்படித் தொடங்கியது.

ஆனால் தண்ணீரில் கிருமி வளரும். ஒரு பாட்டிலைப் பலமுறை திறந்து மூடினால் கட்டாயம் வளரும். அதன் விலை என்ன என்பதை உலகத்துக்குக் காட்டிய சம்பவம் மூக்கு மருந்தில் நடக்கவில்லை, தடுப்பூசியில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் புண்டபெர்க் என்ற ஊர், 1928 ஜனவரி 27. தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்தை ஒரே பாட்டிலிலிருந்து 21 குழந்தைகளுக்குப் போட்டார்கள். அவர்களில் 12 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதே பாட்டிலை அதற்கு முந்தைய நாட்களில் பயன்படுத்தியபோது யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஊசி குத்திக் குத்தி எடுத்ததில் எப்போதோ ஒரு தடவை ஸ்டஃபைலோகாக்கஸ் உள்ளே போய், அந்தக் கோடை வெயிலில் பெருகியிருக்கிறது. பாட்டிலில் கிருமியைத் தடுக்க எதுவுமே கலக்கப்படவில்லை. சார்லஸ் கெல்லவே தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மக்ஃபார்லேன் பர்னெட் ஆய்வகத்தில் அந்தக் கிருமியைத் துருவினார். பலமுறை பயன்படுத்தும் பாட்டிலில் கிருமிக்கொல்லி இருக்க வேண்டும் என்பது அந்த விசாரணையின் முக்கியமான பாடம்.

பாதுகாப்புப் பொருட்களைத் திட்ட ஆரம்பிக்கும் முன்னால் அந்தப் பன்னிரண்டு பேரை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. "கெமிக்கல் கலந்துட்டான்" என்று வாட்ஸப்பில் வரும் செய்திகள் இந்தப் பக்கத்தைச் சொல்வதே இல்லை.

சரி, பென்சல்கோனியத்துக்கு வருவோம். இதை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் கெர்ஹார்ட் டோமாக், ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனத்தில் இருந்த மருத்துவ விஞ்ஞானி. 1935 அவருக்கு எப்படிப்பட்ட வருடம் என்று பாருங்கள். பிப்ரவரியில் ஒரு ஜெர்மன் மருத்துவ வார இதழில் ப்ரொண்டோசில் பற்றிய கட்டுரை. அதுதான் முதல் சல்ஃபா மருந்து, பென்சிலினுக்கு முன்பே லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. அதற்காக 1939-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நாஜி அரசு அவரைக் கைது செய்து பரிசை மறுக்க வைத்தது. 1947-ல் பதக்கமும் பட்டயமும் கைக்கு வந்தன, பணம் வரவில்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த டோமாக். அதே 1935-ல், அதே இதழில், புதிய வகைக் கிருமிநாசினிகள் என்று இன்னொரு கட்டுரையும் எழுதினார். அதன் நாயகன்தான் பென்சல்கோனியம் குளோரைடு. ஸெஃபிரோல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, அமெரிக்காவில் ஸெஃபிரான். அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர்கள் கை கழுவப் பயன்பட்டது. அதற்கு முன்பிருந்த ஃபீனால் வகைகளைப் போல நாற்றம் இல்லை, தோலைப் பொசுக்கவில்லை.

வேலை செய்யும் விதம் எளிமையானது. மூலக்கூறின் தலையில் நேர்மின் ஏற்றமுள்ள நைட்ரஜன், வாலில் நீளமான கொழுப்புச் சங்கிலி. பாக்டீரியாவின் மேல்சுவர் எதிர்மின் ஏற்றம் கொண்டது, அதனால் தலை போய் ஒட்டிக்கொள்கிறது. வால் சவ்வுக்குள் நுழைந்து பிளக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து கிருமி சாகிறது. கிட்டத்தட்ட சோப்பு மாதிரிதான், மின் ஏற்றம் மட்டும் தலைகீழ். இதில் கவனிக்க வேண்டியது, சவ்வைப் பிளக்கும் இந்த வித்தைக்குப் பாக்டீரியா, மனித உயிரணு என்ற பேதம் பெரிதாகத் தெரியாது. எவ்வளவு செறிவு, எவ்வளவு நேரம் என்பதில்தான் வித்தியாசம் எல்லாம்.

பாதரசம் கலந்த பாதுகாப்புப் பொருட்கள் சந்தேகத்துக்கு உள்ளாகி ஒதுங்கின. குளோரோபியூட்டனால் பிளாஸ்டிக்கை ஊடுருவி வெளியேறிவிடும், அமிலத் தன்மையும் வேண்டும். பென்சல்கோனியமோ மலிவு, நீரில் கரையும், வருடக்கணக்கில் கெடாது, 0.01 சதவீதமே போதும். முதலில் கண் மருந்து, பிறகு மூக்கு மருந்து என்று எல்லாவற்றிலும் அதுவே இயல்பான தேர்வாகிவிட்டது. ஒருமுறை இயல்பான தேர்வாக உட்கார்ந்துவிட்டால் பிறகு யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. இதை எந்த மென்பொருள்காரனிடமும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது மூக்குக்குள் போவோம். மூக்கின் உள்சவ்வில் உள்ள உயிரணுக்கள் பலவற்றின் தலையில் ஏறக்குறைய இருநூறு குறுயிழைகள் இருக்கின்றன. மயிர் என்று சொல்ல முடியாது, அதைவிட மிக மிக நுண்ணியவை. வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை ஒரே திசையில் அடிக்கின்றன, காற்றில் நெல் வயல் அசைவது போல. அவற்றின் மேல் சளி ஒரு மெல்லிய போர்வையாக நிமிடத்துக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைப் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தூசி, மகரந்தம், கிருமி எல்லாம் அதில் ஒட்டி, நாம் அறியாமலே விழுங்கப்பட்டு, வயிற்று அமிலத்தில் முடிகிறது. இதை அளக்க ஓர் அழகான சோதனை உண்டு. மூக்கின் முன்பகுதியில், உள்ளே, ஒரு துளி சாக்கரின் தூளை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆரோக்கியமான மூக்கில் பத்திருபது நிமிடத்துக்குள் தொண்டையில் இனிப்புத் தெரியும். ரொம்ப நேரம் ஆகியும் தெரியாவிட்டால் போர்வை நகரவில்லை என்று அர்த்தம். இதைவிட மலிவான மருத்துவச் சோதனை ஒன்று இருக்குமா என்று தெரியவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒரு ஆள் இங்கே வருகிறார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆர்தர் ப்ரோட்ஸ். 1930களிலேயே உயிருள்ள குறுயிழைகளை நுண்ணோக்கியில் வைத்து, மூக்கில் விடும் மருந்துகளை ஒவ்வொன்றாக அவற்றின் மேல் விட்டுப் பார்த்தார். மூக்குக்கு மருந்து தருகிறவர்கள் முதலில் குறுயிழையைக் கெடுக்காமல் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1941-ல் மூக்கின் உடலியங்கியல் பற்றி ஒரு புத்தகமே போட்டார். ஸெஃபிரானைப் பற்றியும் ஒரு கட்டுரை இருக்கிறது: அது குறுயிழைகளின் அசைவை என்ன செய்கிறது என்று கிரீன்வுட் குழுவினர் 1946-ல் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, கேள்வி அன்றே பிறந்துவிட்டது. நான் படித்த வரையில், பாதுகாப்புப் பொருட்களை வரிசையாக நிறுத்தி அதே கேள்வியை மறுபடி உரக்கக் கேட்டது 1980-ல்தான். நெதர்லாந்தில் வான் டி டொங்க், மெர்குஸ் முதலியோர் கோழிக் கருவின் மூச்சுக்குழாயை எடுத்து, ஒவ்வொரு பாதுகாப்புப் பொருளையும் விட்டுக் குறுயிழையின் துடிப்பை எண்ணினார்கள். எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நிமிடம் என்பதைப் பொறுத்து துடிப்பு குறைந்தது, சிலவற்றில் நின்றது.

இடைப்பட்ட முப்பத்தைந்து வருடங்களில் பாட்டிலுக்குத் தேர்வு இருந்தது. மருந்தியல் தரநூல்களில் இதற்கு விதிமுறை உண்டு. மருந்துக்குள் லட்சக்கணக்கில் கிருமிகளை வேண்டுமென்றே விட்டு, 28 நாள் வரை எண்ணிப் பார்ப்பார்கள், குறைந்தால் பாஸ். மூக்கின் சவ்வுக்கு அந்த மாதிரி ஒரு கட்டாயத் தேர்வு இல்லை. பாதுகாப்புப் பொருள் "செயலற்ற பொருட்கள்" பட்டியலில் இருந்தது. இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, சவ்வைப் பிளக்கிற ஒன்றைச் செயலற்றது என்கிறார்.

இன்னொரு பக்கம் மூக்கடைப்பு மருந்துகளே ஒரு புதுத் தொல்லையைக் கொண்டுவந்தன. 1940களில் சீபா நிறுவனத்தின் நாஃபஸோலின் வந்தது. எஃபெட்ரினைவிட வேகம், வலு. ஒரு வாரம் தாண்டி விட்டவர்களுக்கு மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்தது. மறுபடி விடு, மறுபடி அடைப்பு. 1946-ல் மேயோ கிளினிக்கின் லேக் இதற்கு ரைனைட்டிஸ் மெடிகமென்டோசா என்று பெயர் வைத்தார், மருந்தால் வந்த மூக்கழற்சி. 1959-ல் சைலோமெட்டாசோலின், 1961-ல் ஆக்ஸிமெட்டாசோலின் வந்தன. இவை நீண்ட நேரம் வேலை செய்யும், இந்தத் தொல்லை குறையும் என்று நம்பினார்கள். குறைந்தது உண்மைதான், ஒழியவில்லை. தலையணைக்கு அடியில் அந்தச் சின்ன பாட்டில் இல்லாமல் தூங்க முடியாத ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கார் டேஷ்போர்டில் ஒன்று, லேப்டாப் பையில் ஒன்று என்று வைத்திருந்தார். பேனா மாதிரி.

இந்த அடிமைத்தனத்தில் மருந்தின் பங்கு எவ்வளவு, பாதுகாப்புப் பொருளின் பங்கு எவ்வளவு? ஐம்பது வருடம் எல்லோரும் மருந்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தவர்கள் ஸ்டாக்ஹோமின் பீட்டர் கிராஃப், ஹான்ஸ் ஹாலென் குழுவினர். அவர்களிடம் நல்ல அளவுகோல் ஒன்று இருந்தது. யூட்டோ உருவாக்கிய ரைனோஸ்டீரியோமெட்ரி. தலையை அசையாமல் பொருத்தி, ஒரு நுண்ணோக்கி வழியாக மூக்கின் உள்சதை எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று மில்லிமீட்டரின் பின்னத்தில் அளப்பது. மூக்கு நோய் எதுவும் இல்லாதவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1995-ல் வந்த ஆய்வில் ஒரு குழுவுக்கு ஆக்ஸிமெட்டாசோலின் மட்டும், இன்னொரு குழுவுக்கு அதே மருந்து பென்சல்கோனியத்தோடு. 30 நாட்கள். பென்சல்கோனியம் கலந்ததை அடித்தவர்களுக்கு வீக்கம் அதிகம். 1996-ல் இன்னும் ஒரு படி போய், மருந்தே இல்லாமல் பென்சல்கோனியத்தை மட்டும் ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். வெறும் பாதுகாப்புப் பொருளே 30 நாளில் மூக்கின் சவ்வை வீங்க வைத்தது, மருந்தின் அளவுக்கு இல்லாவிட்டாலும்.

எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும். சிறிய ஆய்வு, ஒரு குழுவில் பத்துப் பேர் அளவில்தான். ஆனால் இரண்டு சந்தேக நபர்களைத் தனித்தனி அறையில் வைத்து விசாரிக்கும் போலீஸ் புத்தி அதில் இருக்கிறது. மருந்து முதல் குற்றவாளி, பென்சல்கோனியம் உடந்தை. தீர்ப்பு அவ்வளவுதான், அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

இழுத்தவர்களும் உண்டு. காரணம் ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள். 1970களில் பெக்லோமெத்தசோன் மூக்கு ஸ்பிரே வந்தபோது அது சி.எஃப்.சி. வாயு அழுத்தத்தில் பீய்ச்சும் டப்பா. அதில் தண்ணீரே இல்லை, கிருமிக்கு வழியும் இல்லை. 1987-ல் மாண்ட்ரீல் உடன்படிக்கை, ஓஸோன் படலத்தைக் காக்க சி.எஃப்.சி.க்கு உலகம் விடை கொடுக்க ஆரம்பித்தது. மூக்கு ஸ்பிரேக்கள் கைப்பம்பு வைத்த நீர்க் கரைசல்களாக மாறின. மூக்கிலும் அது இதமாக இருந்தது. தண்ணீர் வந்ததும் பின்னாலேயே பென்சல்கோனியமும் வந்தது. வானத்தில் ஓட்டையை அடைக்கப் போய் மூக்கில் ஒரு கிருமிநாசினி. சரித்திரம் இப்படியெல்லாம் திரும்பும் என்று யாராவது கதை எழுதினால் நம்ப மாட்டோம்.

மூக்கடைப்பு மருந்தை ஐந்து நாளில் நிறுத்திவிடலாம். அலர்ஜிக்காரர்கள் ஸ்டீராய்டு ஸ்பிரேயை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அடிப்பார்கள். அதனால் கேள்வி கூர்மையானது. 1990களில் நார்வேயின் பெர்கனில் பெர்க், ஸ்டைன்ஸ்வோக் முதலியோர் மனித மூச்சுப்பாதைச் சவ்வை ஆய்வகத்தில் வளர்த்து, இந்தக் கரைசல்களை விட்டுப் பார்த்தார்கள். பென்சல்கோனியம் இருந்ததில் சவ்வு சிதைந்தது, செறிவும் நேரமும் கூடக் கூடச் சிதைவும் கூடியது. 2000-ல் அமெரிக்க அலர்ஜி நிபுணர் பெர்ன்ஸ்டைன், குறுயிழைகளின் ஓட்டம் பாதிக்கப்படுவதை முன்வைத்து, இதை மூக்கு மருந்தில் பயன்படுத்துவது பாதுகாப்புதானா என்று ஓர் எச்சரிக்கைக் குறிப்பு எழுதினார்.

நான்கு வருடம் கழித்து, 2004-ல், மார்ப்பிள், ரோலண்ட், பென்னிங்கர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். தலைப்பிலேயே "முரண்படும் தரவுகள், கருத்துகள்" என்று வருகிறது. ஆய்வகத் தட்டில் பென்சல்கோனியம் கெட்ட பெயர் வாங்குகிறது, உயிருள்ள மனிதர்களின் மூக்கில் பெரும்பாலான ஆய்வுகள் பெரிய தீங்கைக் காணவில்லை, ஆகவே பாதுகாப்பானது என்று முடித்தார்கள். அதற்கு வலுவான சான்றும் இருந்தது. பென்சல்கோனியம் கலந்த மொமெட்டசோன் ஸ்பிரேயை 12 மாதம் அடித்தவர்களின் மூக்கிலிருந்து முன்னும் பின்னும் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1998-ல் வந்தது. சவ்வு மெலியவில்லை, சொல்லப்போனால் முன்பைவிட நன்றாகவே இருந்தது.

இரண்டு பக்கமும் உண்மை என்றே நினைக்கிறேன். தட்டில் வைத்த சவ்வுக்குச் சளிப் போர்வை கிடையாது. இருந்தாலும் அது எங்கும் போகாது, கரைசல் அதன் மேலேயே நிற்கும். உயிருள்ள மூக்கில் எதிர்மின் ஏற்றமுள்ள சளி பென்சல்கோனியத்தைப் பிடித்துக்கொள்கிறது, கால் மணி நேரத்தில் அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடுகிறது. அதாவது மூக்கு தன்னைக் காத்துக்கொள்ளும் வேகம்தான் இங்கே முக்கியம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 0.02 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 200 மைக்ரோகிராம். ஒரு பம்புக்கு 0.1 மில்லி என்றால் 20 மைக்ரோகிராம். தினமும் ஒரு வேளை, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு பம்பு ஸ்டீராய்டு அடிப்பவருக்கு ஒரு துவாரத்துக்கு 40 மைக்ரோகிராம், அதுவும் ஒரே தடவை. மீதி நாள் முழுக்கக் கழுவிக்கொள்ள மூக்குக்கு அவகாசம் இருக்கிறது. அதே செறிவில் மூக்கடைப்பு ஸ்பிரேயை நாளுக்கு எட்டுத் தடவை, தடவைக்கு இரண்டு பம்பு அடிப்பவருக்கு 320. எட்டு மடங்கு. அதைவிட முக்கியம், அவர் மூக்குக்கு இடைவேளையே இல்லை. ஏற்கெனவே வீங்கிய, சளி ஓட்டம் மந்தமான மூக்கு அது. ஸ்டாக்ஹோம்காரர்களுக்கும் 2004 மூவருக்கும் இருந்த முரண்பாட்டில் பாதி இந்தக் கணக்கிலேயே கரைந்துவிடுகிறது என்பது என் அனுமானம். நிபுணர்கள் யாராவது படித்தால் திருத்துங்கள்.

பேசாமல் பாதுகாப்புப் பொருளை எடுத்துவிட்டால் என்ன? எடுத்திருக்கிறார்கள். ஒரு புடெசொனைட் ஸ்பிரேயில் பென்சல்கோனியத்துக்குப் பதில் பொட்டாசியம் சோர்பேட் வைத்தார்கள். ஜெர்மனியில் 1990களிலிருந்து எதுவுமே கலக்காத மருந்துக்கென்று தனிப் பம்புகள் வந்தன. சாதாரண பாட்டிலை மூக்குக்குள் வைத்து அமுக்கி, கையைத் தளர்த்தினால் என்ன ஆகும்? வெற்றிடம் மூக்குச் சளியை உள்ளே இழுக்கும். கிருமி பாட்டிலுக்குள் போகும் முக்கியமான வழி அதுதான். புதிய பம்புகளில் மருந்து வெளியேறியதும் முனை ஸ்பிரிங்கால் மூடிக்கொள்ளும், உள்ளே போகும் காற்று கிருமி வடிகட்டி வழியாகத்தான் போகும். சிலவற்றில் வெள்ளிச் சுருளும் உண்டு. வேதியியலைக் கழற்றிவிட்டு அந்த வேலையை இயந்திரவியலிடம் கொடுத்திருக்கிறார்கள். பொறியாளனாக எனக்கு இது மனசுக்கு நிறைவான தீர்வு. விலைதான் கூட.

ஆனால் பென்சல்கோனியத்தை எடுத்த இடத்தில் வேறு எதையும் வைக்காவிட்டால் நடப்பது என்ன என்பதற்கு உதாரணம் தொலைவில் இல்லை. 2023-ல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தால் ஒரு தொற்று பரவியது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் ஏருஜினோஸா. 18 மாநிலங்களில் 81 நோயாளிகள். 14 பேர் பார்வை இழந்தார்கள், நான்கு பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது, நான்கு பேர் இறந்தார்கள். பலமுறை பயன்படுத்தும் பாட்டில், ஆனால் பாதுகாப்புப் பொருள் இல்லாத மருந்து. அது தயாரானது சென்னைக்குப் பக்கத்தில், செங்கல்பட்டு மாவட்டத்து ஆலை ஒன்றில். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த ஆலை மீது சொன்ன குறைகளில், பல தடவை திறக்கும் பாட்டிலில் போதிய பாதுகாப்புப் பொருள் இல்லை என்பதும் ஒன்று. 95 வருடம் கழித்து அதே புண்டபெர்க்.

பென்சல்கோனியம் இருந்தால் மட்டும் எல்லாம் பத்திரமா என்றால் அதுவும் இல்லை. 2009 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாடுகளிலும் ஒரு பிரபல மூக்கு ஸ்பிரேயின் மூன்று தொகுதிகளைத் திரும்பப் பெற்றார்கள். உள்ளே பர்கோல்டேரியா செபாசியா. பென்சல்கோனியக் கரைசலிலேயே உயிரோடு இருக்கத் தெரிந்த கிருமிகளில் அது ஒன்று.

ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017-ல் விதிகளைத் திருத்தியது. பென்சல்கோனியம் உள்ள மூக்கு மருந்தின் தாளில், குறிப்பாக நீண்ட நாள் பயன்படுத்தினால், மூக்கின் உள்ளே எரிச்சலோ வீக்கமோ வரலாம் என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுத வேண்டும். தடை இல்லை, தகவல். நான் எங்கள் தெருக் கடையில் வாங்கிப் பார்த்த இரண்டு பாட்டில்களில் பொருளின் பெயரும் சதவீதமும் இருந்தன, அந்த வாக்கியம் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்த வேண்டாம், தயவுசெய்து. சான்றுகள் அதன் பக்கம்தான் இருக்கின்றன. அடித்ததும் எரிச்சல் இருக்கிறது, உள்ளே காய்ந்து புண்ணாகிறது என்றால் "பென்சல்கோனியம் இல்லாதது கிடைக்குமா?" என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள், சில மருந்துகளில் இங்கும் கிடைக்கிறது. மூக்கடைப்புச் சொட்டு மருந்து வேறு ரகம். அது ஐந்து நாளுக்கு மேல் ஓடுகிறது என்றால் பிரச்சினை பாதுகாப்புப் பொருளுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. அதிலிருந்து வெளியே வர டாக்டர் வழி சொல்வார், தனியாக முட்டி மோத வேண்டாம். எதை அடித்தாலும் பாட்டிலின் முனையை மூக்கிலிருந்து வெளியே எடுத்த பிறகே கையைத் தளர்த்துங்கள், முனையைத் துடைத்து மூடுங்கள், இன்னொருவரோடு பகிராதீர்கள். திறந்த தேதியை பேனாவால் பாட்டில் மேலேயே எழுதி வைத்தால் ரொம்ப உபயோகம்.